ஷெட்டுக்குள்ளேயே ஓடிய கார்

"ஏட்டி, இங்க வந்து இதைப் பாரு!" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. அடுப்படியில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரி எஸ்தர் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாய்க்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மழைக்காலத்துக் காலை அது. மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மூடிக்கிடந்தது. வீட்டு ஷெட்டில் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இன்ஜின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கையில் வைத்திருந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வெளிறிய மஞ்சளில் ஏதோ கொழகொழவென்று அப்பியிருந்தது. காப்பியில் மோரை ஊற்றிக் கலக்கினால் வருமே, அந்த நிறம். விரலால் வழித்துப் பார்த்தேன். ஆயில் இப்படி இருக்காது.

மூடியை எதற்குத் திறந்தாய் என்று கேட்டால், பொழுது போகவில்லை என்பதுதான் பதில். ஒற்றை ஆளுக்குக் காலை நேரம் ரொம்ப நீளம். ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பேப்பரில் மணமகள் தேவை விளம்பரம் வரை படித்து முடித்தாயிற்று. எனக்கு எதற்கு மணமகள்? பிறகுதான் போய் பானெட்டைத் திறந்தேன்.

சென்ற இதழில் என் முதல் சைக்கிள் கதை பாதியில் நிற்கிறதே, அதை விட்டுவிட்டுக் காருக்குத் தாவுகிறாயே என்று சிலர் கோபப்படலாம். சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது. அதன் செயின் கழன்று கிடக்கிறது. இந்த வாரம் எனக்குக் காரைப் பற்றித்தான் சொல்ல வருகிறது.

ஈரம் பார்க்கிற கை

அந்த மூடியைப் பார்த்து எனக்கு வந்தது முதலில் பயம் இல்லை. ரோஷம்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் செய்கிற கம்பெனி ஒன்றில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. லாரியில் வந்து இறங்குகிற பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. எடை கூடட்டும் என்று பொதிக்குள்ளே தண்ணீரைத் தெளித்து அனுப்புகிற மகராசர்கள் உண்டு. மேலே தொட்டால் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி உருவி, மூக்கில் வைப்பேன்.

"வழியில மழை பேஞ்சுருச்சு அண்ணாச்சி" என்பான் லாரிக்காரன்.

"மழை பொதிக்குள்ள போயாலே பேஞ்சுது?" என்பேன்.

மீட்டர் பிறகு வந்தது. மீட்டர் காட்டுவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன் என்று கம்பெனியில் ஒரு பேர் இருந்தது. பேர் என்ன பேர், எனக்கே அதில் கொஞ்சம் திமிர் உண்டு. அப்படிப்பட்டவன் வீட்டு ஷெட்டில், என் மூக்குக்கு நேரே, ஆயிலுக்குள் தண்ணீர் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. ஆயிலும் தண்ணீரும் கலந்து அடிபட்டால்தான் இப்படி வெளுக்கும் என்பது எனக்கும் தெரியும். எப்படிப் புகுந்தது என்பதுதான் தெரியவில்லை.

ஏழு மணி உறுமல்

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

தெருவில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில், அல்லது வெளிநாட்டில். வீட்டில் ஒரு பெரியவர், அல்லது ஒரு பெரியம்மா. ஷெட்டில் ஒரு கார். காரை ஓட்டாமல் போட்டால் பேட்டரி இறங்கிவிடும், தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் போடணும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, தெருவே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காலையில் ஏழு மணிக்கு வந்து நின்று கேளுங்கள். வரிசையாக நாலைந்து கார்கள் உறுமும். செத்த நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கும். ஒரு கார்கூட கேட்டைத் தாண்டி வெளியே வராது.

நானும் அந்தக் கச்சேரியில் ஒருவன். எதிர்வீட்டுத் துரைப்பாண்டி ஆரம்பித்தால் நானும் ஆரம்பிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச் வரைக்கும் போய்வருவேன். சர்ச் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். நடந்தே போகலாம். கார் கழுவி வைத்திருக்கிறதே என்று எடுத்துப் போவேன்.

பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு எஸ்தர் எனக்குப் போன் பண்ணுகிற நேரமும் அதுதான். ஒருநாள் காரை உறுமவிட்டுக்கொண்டே பேசினேன்.

"என்ன, வண்டிச் சத்தம் கேக்கு? எங்க கிளம்பிட்டிய?" என்றாள்.

"சும்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டதும் அவள் குரலில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. நாலு மனுசரைப் பாத்தாத்தான் நல்லது" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாளும் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ரத வீதி முக்கில் ஒரு டீக்கடை, அந்தக் கடைக்காரர் எனக்குச் சினேகிதமாகிவிட்டார். இன்னொரு நாள் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு, வனத்துறை கேட்டில் ஒரு ஆளோடு யானை வந்த கதை பேசினேன். சேத்தூரில் பழைய கம்பெனிக்காரர் ஒருவருக்கு முட்டி வலி, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் ஷெட்டுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி. சொல்லி முடித்ததும் சாவியைத் திருப்பி அமர்த்திவிட்டு, இறங்கி வீட்டுக்குள் போய்விடுவேன்.

சென்னையில் ஒரு மாதம்

பொய்க்கு ஒரு காரணம் உண்டு. காரணம் இருந்தால் பொய் மெய்யாகிவிடாது என்பது வேறு விஷயம்.

மகள் ஜெபாவுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதத்துக்கு என்றுதான் எஸ்தர் போனாள், வந்தாள். பிறகு ஜெபா வேலை மாற்றினாள், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைக்கு ஸ்கூல் வந்தது. மறுபடி போனவள் திரும்பவில்லை. யாரும் யாரையும் பிரிக்கவில்லை. தானாகவே அப்படி ஆகிப்போனது.

நானும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். அவர்கள் வீடு ஏதோ ஒரு உயரமான மாடியில். எனக்கு ஹாலில் சோபா. எஸ்தர் உள்ளே பேத்தியோடு படுப்பாள். மருமகனுக்கு வீட்டிலிருந்தே வேலை, கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கதவைத் திறந்து "என்ன மாமா வேணும்?" என்று வந்துவிடுவார். தங்கமான பிள்ளை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஆள் முறைத்தால் சண்டை போடலாம். உபசாரம் பண்ணுகிறவரை என்ன செய்வது?

ஊருக்குப் போகிறேன் என்றேன். ஜெபா ஒரு நிபந்தனை போட்டாள்.

"நல்லா வெளிய போயி வந்து சந்தோசமா இருந்தீங்கன்னா அங்க இருங்கப்பா. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கெடந்தீங்கன்னு தெரிஞ்சுது, வீட்டையும் காரையும் வித்துட்டு இங்கதான் வந்துரணும்."

எஸ்தரும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஆக, ஷெட்டுக்குள் தினமும் ஓடிய அந்தக் கார்தான் என்னை என் வீட்டில் வைத்திருந்தது.

எதிர்வீட்டுத் தீர்ப்பு

மூடியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். துரைப்பாண்டி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. கண்ணாடியைப் போட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"ஹெட் கேஸ்கட் போச்சு."

இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது. அது கிழிந்தால், இன்ஜினைக் குளிர வைக்கச் சுற்றிவருகிற தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிடும். அதைத்தான் அவர் சொன்னார்.

"இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும். இந்தப் பழைய வண்டிக்கு அம்புட்டுச் செலவு தேவையா? பேசாம தள்ளிவிட்டுருங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வீட்டம்மா அதை உடனே எஸ்தருக்குப் போன் பண்ணிச் சொன்னதுதான் தப்பு. நான் சோற்றைப் போட்டு உட்காருவதற்குள் சென்னையில் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. கார் போனால் அப்பா எப்படி வெளியே போவார், வெளியே போகாவிட்டால் அங்கே எதற்கு இருக்கணும், விற்றுவிட்டுக் கிளம்பி வரட்டும் என்று ஜெபா சொல்லிவிட்டாள். எஸ்தர்தான், ஒரு மெக்கானிக்கைக் காட்டிவிட்டு முடிவு பண்ணலாம் என்று தடுத்தாளாம்.

"மெக்கானிக் வரும்போது என்னையும் வீடியோவுல போடுங்க. உங்களை ஏமாத்திருவான்" என்றாள்.

பஞ்சுப் பொதிக்காரனிடமே ஏமாறாதவன் நான். சொன்னால் கேட்கவா போகிறாள்?

தோசைக்கல்

மெக்கானிக் வெங்கட்ராஜா சத்திரப்பட்டி ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறான். எல்லோருக்கும் வெங்கட்டு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வண்டிகளோடு மட்டும் இரண்டிலும் பேசுவான். வாய் மூடாது. கையும் சும்மா இருக்காது.

எங்கள் வீட்டு ஷெட்டுச் சுவரில் ஆணிக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் இடையில் போனைச் சாத்தி வைத்தேன். எஸ்தர் முகம் அதில் தெரிந்தது. பின்னால் அவர்கள் வீட்டுத் திரைச்சீலை.

"யாரும் ஹெட் கேஸ்கட்னு சொல்லாதீங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் வெங்கட்டு, வந்ததும் வராததுமாக.

முதலில் டிப் ஸ்டிக்கை உருவினான். ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற நீளக் கம்பி அது. அதில் ஆயில் கறுத்துத்தான் இருந்தது, வெளுக்கவில்லை. அளவும் ஏறவில்லை. "தண்ணி நெறைய எறங்கியிருந்தா அளவு கூடியிருக்கும், கம்பி முழுக்கப் பாலா வரும். இது மேல மட்டுந்தான் இருக்கு" என்றான். பிறகு ரேடியேட்டர் பக்கம் போனான். குளிர வைக்கிற பச்சைத் தண்ணீர், கூலண்ட் என்பார்கள், அது கோட்டளவுக்குச் சரியாக இருந்தது. அதன் மூடியில் ஆயில் பிசுக்கு இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தான். குமிழி எதுவும் வரவில்லை. மூடியில் இருந்த கொழகொழப்பை விரலில் வழித்து மோந்தான்.

"கூலண்ட்னா இனிச்ச வாடை அடிக்கும். அடிக்கல."

இன்ஜினை அமர்த்தி ஆறவிட்டு, கீழே சாக்கை விரித்துப் படுத்து, இன்ஜினின் அடியில் இருக்கிற நட்டைக் கொஞ்சமாக இளக்கினான். ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் பிடித்தான். முதலில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் முத்து முத்தாக விழுந்தது. பிறகுதான் ஆயில் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு பழைய தோசைக்கல்லு இருக்குமா?"

"என்னது!" என்று சுவரிலிருந்து சத்தம் வந்தது. "என் கல்லையா? அந்தக் கல்லு பழக எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா? ஏங்க, குடுக்காதிய!"

வீட்டில் இருந்தது அந்த ஒரு கல்தான். அது துருப்பிடித்துப் பல மாதம் ஆகியிருந்ததும், நான் தோசை சுடுவதே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. தினமும் சுடுவதாக அதற்கும் ஒரு கதை சொல்லியிருந்தேன். கல்லைக் கொண்டுவந்து, கேஸ் அடுப்பை ஷெட்டுக்கு வெளியே வைத்து, சூடேற்றினோம்.

வெங்கட்டு தன் பையிலிருந்த புது ஆயிலில் ஒரு சொட்டை முதலில் விட்டான். அது பேசாமல் பரவிக் கிடந்து லேசாகப் புகைந்தது. பிறகு பாட்டில் ஆயிலில் ஒரு சொட்டு விட்டான். சடசடவென்று வெடித்துத் தெறித்தது, கடுகு தாளித்த மாதிரி.

"தண்ணி இருக்கு. சந்தேகமே இல்ல" என்றான். "எப்படி வந்துதுங்கிறதுதான் கேள்வி. அண்ணாச்சி, வண்டி தெனம் எம்புட்டு தூரம் ஓடுது?"

கணக்கு உதைத்தது

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் பதில் சொன்னாள்.

"அவிய தெனமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாராவ தம்பி. செண்பகத்தோப்புக்குப் போவாவ, சேத்தூருக்குப் போவாவ. வீட்டுல ஒரு எடத்துல உக்காரவே மாட்டாவ." அதைச் சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை! நான் தரையைப் பார்த்தேன்.

வெங்கட்டு தலையைச் சொறிந்தான். "அப்ப கணக்கு ஒதைக்குதே அக்கா. ஒரே மூச்சா ஸ்ரீவில்லிபுத்தூர் போற வண்டியில தண்ணி தங்காது. இன்ஜின் நல்லா சூடேறுனா உள்ள இருக்கிற ஈரமெல்லாம் ஆவியாப் போயிரும். அப்படி ஓடியும் தண்ணி நிக்குதுன்னா எங்கேயோ ஒழுகுது. கூலண்ட் கொறையல, சரி. ஆனா ஆரம்பத்துல ஒழுக்கு கொஞ்சமா இருந்தா கொறையுறது தெரியாது. ஹெட்டைக் கழட்டிப் பாத்துர வேண்டியதுதான்."

"ஜெபா சொன்ன மாதிரி குடுத்துருவோங்க" என்றாள் எஸ்தர் மெதுவாக. "பொறவு காரும் இல்லாம அங்க என்ன செய்வீங்க? கிளம்பி வந்துருங்க."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு நல்ல இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், அல்லது விற்பார்கள். திறந்தால் எஸ்தருக்கு எல்லாம் தெரிந்துவிடும், ஜெபாவின் நிபந்தனை வந்து நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஹால் சோபாதான். மருமகன் கதவைத் திறந்து "என்ன மாமா வேணும்?" என்று வருவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அப்படியே கேஸ்கட் கிழிந்தே இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிஷம் கடவுளைக் கேட்டேன். இப்படி ஒரு ஜெபத்தை வேறு யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

வெங்கட்டு ஸ்பானரைப் பையில் தேடினான்.

"வெங்கட்டு, கழட்டாதே" என்றேன். "வண்டி எங்கயும் போறதில்ல."

"என்ன அண்ணாச்சி?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் போகல. சேத்தூர் போகல. தெனம் காலையில இங்கயே அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்துட்டு அமத்திருவேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். அம்புட்டுத்தான்."

"அதை மொதல்லயே சொல்லுறதுக்கென்ன!" வெங்கட்டுக்கு ஒரே சந்தோஷம். சுவரில் என்ன நடக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. "நான் ஹெட்டைக் கழட்டி மானத்தை வாங்கியிருப்பேன்ல! பெட்ரோல் எரிஞ்சாலே தண்ணி வரும் அண்ணாச்சி. குளுந்த இன்ஜினுக்குள்ள அது வேர்த்து நிக்கும். சூடேறுறதுக்குள்ள நீங்க அமத்திட்டா அந்த வேர்வை ஆயில்லயே தங்கிரும். மழைக்காலம் வேற. தெனம் அஞ்சு நிமிசம் ஓட்டுனது தெனம் ஒரு கரண்டி தண்ணி ஊத்துன மாதிரி. அதுக்குச் சும்மாவே போட்டிருந்தாகூட நல்லாருந்திருக்கும்!"

பிறகு அவன் சொன்னதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. ஆயிலையும் பில்டரையும் மாற்றுகிறேன், இனிமேல் ஸ்டார்ட் பண்ணினால் ரோட்டில் ஏற்றி, சூடு காட்டுகிற முள் நடுவில் வந்து நின்றபிறகும் விடாமல் ஓட்டணும், சில வாரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள், சுத்தமாக இருந்தால் கேஸ்கட் மேல் பழி இல்லை என்றான்.

நான் சுவரைப் பார்த்தேன். எஸ்தர் அசையாமல் இருந்தாள். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை, அவள் பின்னால் திரைச்சீலை ஆடியது.

"அந்த டீக்கடைக்காரரு?" என்றாள்.

"இல்ல."

"முட்டி வலிக்காரரு?"

"அவரை நான் பாத்தே பல வருசம் ஆச்சு எஸ்தரு."

போன் அணைந்தது.

இல்லாத டீக்கடை

அன்று சாயங்காலம் அவள் கூப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. ஏழு மணிக்குத் தெருவில் கார்கள் உறுமின. நான் எடுக்கவில்லை. பொய் சொல்வதற்குக்கூட ஆள் இல்லாமல் போனது அப்போதுதான். தனிமை தனிமை என்கிறார்களே, எனக்கு அது இன்னதென்று தெரிந்தது அந்த ரெண்டு மூன்று நாளில்தான். அதற்கு முன்னால் இருந்தது வெறும் சும்மா இருப்பு.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காரை எடுத்துக்கொண்டு நிஜமாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஊரைத் தாண்டியதும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. மழை விட்டு, மலை பளிச்சென்று தெரிந்தது. "மலையைப் பாத்தியா?" என்று பக்கத்து சீட்டைக் கேட்டேன். கேட்டுவிட்டு ரேடியோவைப் போட்டேன்.

ரத வீதி முக்கில் நிறுத்தினேன். நான் தினமும் டீ குடித்ததாகச் சொன்ன கடை அங்கே இல்லை. என்றைக்கோ நானும் எஸ்தரும் குடித்த கடை, அந்த நினைப்பில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. ஒரு பையன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். எப்போது மூடினார்கள் என்று கேட்டேன். தெரியாது சார், நான் வரும்போதே இல்லை என்றான்.

காருக்குள் வந்து உட்கார்ந்து எஸ்தருக்குப் போட்டேன். எடுத்தாள்.

"அந்த டீக்கடை இல்லட்டி. எடுத்துட்டான்" என்றேன்.

சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில்லை என்று பிறகு தெரிந்தது.

"நான் சாயங்காலம் பார்க்குல நடக்கப் போவேன்னு சொல்லுவேன்ல?" என்றாள்.

"ஆமா. அந்த கோயமுத்தூர் அம்மா, இன்னொரு அம்மா, நீ, மூணு பேரும் பெஞ்சுல உக்காந்து..."

"அப்படி யாரும் கெடையாதுங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"காலையில வேன்ல ஏத்திவிட எறங்குவேன், அந்தால லிப்டுல ஏறி மேல வந்துருவேன். லிப்டுல நாலு பேரு நிப்பாக, ஒருத்தி மொகத்தைத் தூக்கிப் பாக்க மாட்டா. எல்லாம் போனைப் பாப்பாளுக. நான் பால்கனியில நின்னு பார்க்கைப் பாப்பேன். பாத்துட்டு வந்து உங்ககிட்ட நடந்தேன்னு சொல்லுவேன். நீங்க அங்க ஊரு ஊரா சுத்திக்கிட்டு சந்தோசமா இருக்கிய, நான் எதுக்கு அழுமூஞ்சியா இருக்கணும்னு நெனைச்சேன்."

அவள் அழுதாள். நானும்தான். ரத வீதியில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் காருக்குள் பார்க்கவில்லை, நல்லவேளை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஜெபாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. காரு சரியாயிருச்சு, கேஸ்கட் இல்லேன்னு மட்டும் சொல்லியிருக்கேன். நீங்களும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள்.

ஒரு ஸ்டேஷன் முன்னால்

அதற்குப் பிறகு வாரத்தில் ரெண்டு மூன்று நாள் காரை எடுத்தேன். போக இடம் இருந்து போகவில்லை. இன்ஜின் சூடாக வேண்டும், அதற்காகப் போனேன். செட்டியார்பட்டி வழியாகச் சேத்தூர் போய், அந்த முட்டி வலிக்காரரை நிஜமாகவே தேடிப் பார்த்தேன். அவருக்கு முட்டி நன்றாகத்தான் இருந்தது. காதுதான் கேட்கவில்லை. நான் சொல்வதெல்லாம் அவருக்கு வேறாக விழுந்தது, இருந்தாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சில வாரம் கழித்து மூடியைத் திறந்தேன். உள்பக்கம் சுத்தமாக, லேசான ஆயில் ஈரத்தோடு கறுப்பாக இருந்தது. கேஸ்கட் மேல் பழி இல்லை. துரைப்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குச் சரி" என்றார். மறுநாள் ஏழு மணிக்கு அவர் கார் ஷெட்டுக்குள் உறுமியது. சொல்லிப் பார்த்தேன். அவருக்கும் அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மகன் போன் வருகிறது.

பரீட்சை லீவுக்குப் பேத்தி மருமகனின் அம்மா வீட்டுக்குப் போனபோது எஸ்தர் வருவதாகச் சொன்னாள். ரெண்டு வாரம்தான். திரும்பிப் போக டிக்கெட்டையும் ஜெபா சேர்த்தே போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து வருகிற ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துதான் எங்கள் ஊருக்கு வரும். ராஜபாளையம் ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குப் பக்கம். விடிந்ததும் குளித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய், பிளாட்பாரத்தில் நின்றேன். ரயில் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கிட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"அடக் கிறுக்கி! ராஜபாளையத்துக்குத்தானட்டி டிக்கெட்டு?"

"வாங்கன்னா வாங்க" என்று வைத்துவிட்டாள்.

தூக்கத்தில் இறங்கிவிட்டாளா, உடம்புக்கு ஏதாவதா என்று காருக்கு ஓடினேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஸ்டேஷன் வாசலில், வேப்ப மரத்தடியில், பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். முடியில் நரை கூடியிருந்தது. போனில் அதெல்லாம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, பையை அவளே பின் சீட்டில் வைத்துவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"என்னட்டி இது? பாதியில எறங்கி நிக்கே?"

"ராஜபாளையத்துல எறங்கினா ரெண்டு நிமிசத்துல வீடு வந்துரும்" என்றாள். "வண்டி எங்க சூடாகும்?"

நான் சாவியைத் திருகினேன்.

"நேரா வீட்டுக்கு விடாதிய" என்றாள் அவள். "செண்பகத்தோப்புப் பக்கம் சுத்திக்கிட்டுப் போங்க. ரெண்டு பேருமே இன்னும் போகலைல்ல?"